யந்திரம் வந்தால் மட்டும் போதுமா?

(நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நாம் கூடியிருப்பது கூலி உயர்வைப் பற்றிப் பேசுவதற்கல்ல. போனஸைப் பற்றிப் பேசுவதற்கும் அல்ல. அவற்றைப் பேச வேறு நாட்கள் இருக்கின்றன. இன்று நாம் ஒரு தொழிலாளியின் கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நமது தோழரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இன்று இல்லை. பெயரைச் சொல்ல வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அப்படியே சொல்கிறோம்.

ஒரு பெரிய கட்டிடத்தில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. மோட்டாரில் ஓடும் அடைப்பெடுக்கும் மிஷினைக் கொடுத்து இவரைத் தனியாக அனுப்பினார்கள். கையில் தொளதொளவென்ற நூல் உறை. மிஷினுக்கு ஒரு கால் சுவிட்ச் உண்டு. அது கெட்டுப்போய்ப் பல நாட்களாகியிருந்தது. ரிப்பேர் செய்ய மனமில்லாமல், அதைக் கழற்றிவிட்டு, பிளக்கைச் செருகியதும் மோட்டார் ஓடும்படி ஒயரை முறுக்கிக் கொடுத்திருந்தார்கள். குழாய்க்குள் போன ஸ்பிரிங் கம்பி அடைப்பில் சிக்கி நின்றது. வெளியே மோட்டார் நிற்கவில்லை. கம்பி முறுக்கேறித் துள்ளியது. உறையைப் பிடித்தது, உறைக்குள் இருந்த விரல்களையும் பிடித்தது. சுவிட்ச் பத்தடி தூரத்தில் சுவரில் இருந்தது. எட்டிப் பிடிக்க அவரால் முடியவில்லை. பக்கத்தில் வேறு ஆளும் இல்லை.

பிறகு விசாரணை நடந்தது. “தொழிலாளியின் அஜாக்கிரதையே விபத்துக்குக் காரணம்” என்று இரண்டே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள்.

தோழர்களே, அந்த இரண்டு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

யார் அஜாக்கிரதை?

கால் சுவிட்சைக் கழற்றியவர் யார்? தனியாக அனுப்பியவர் யார்? நூல் உறையை வாங்கிக் கொடுத்தவர் யார்? மிஷினை எப்படி ஓட்டுவது என்று ஒரு நாளாவது கற்றுக் கொடுத்தார்களா? அறிக்கையில் இவற்றில் ஒன்றும் இல்லை.

மிஷின் வாங்கும்போது அதோடு ஒரு புத்தகம் வருகிறது. அது எங்கே என்று விசாரித்தோம். ஸ்டோர் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கிப் பார்த்தால் முழுவதும் ஆங்கிலம்! எங்கள் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று இரவுகள் உட்கார்ந்து படித்தோம். விளங்காத இடங்களை, அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் தோழர்களிடமும், ஜெட்ராடிங் லாரி ஓட்டும் தோழர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். படித்து முடித்தபோது எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நமது தோழரின் விரல்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒவ்வொரு விதியும் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது!

அந்த விதிகளைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறோம். அலமாரியில் இருக்க வேண்டியவை அல்ல அவை. உங்கள் வாயிலும் மனதிலும் இருக்க வேண்டியவை.

ஸ்பிரிங் கம்பி மிஷின்

முதலில் சிறிய மிஷினை எடுத்துக்கொள்வோம். முன்பு மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினோம். இப்போது இரும்புக் கம்பியைச் சுருட்டிய ஸ்பிரிங்கை மோட்டார் சுழற்றுகிறது. நுனியில் இருக்கும் கத்தி அடைப்பைக் கிழித்துக்கொண்டு போகிறது. நல்ல யந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதன் குணத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தால் உள்ளே சுருள் இறுகுகிறதல்லவா? அதே விஷயம்தான் இங்கும். நுனி எங்காவது சிக்கி நின்றுவிட்டால், பின்னாலிருந்து மோட்டார் கொடுக்கும் முறுக்கு முழுவதும் கம்பியில் ஏறுகிறது. ஓரளவுக்கு மேல் தாங்க முடியாமல் கம்பி வளைந்து, வெளியே இருக்கும் பகுதி வளையம் போட்டுத் துள்ளுகிறது. அந்த வளையத்துக்குள் கை இருந்தால் கை போகும். கணுக்கால் இருந்தால் கணுக்கால் போகும். ஆகவே:

முதலாவது, கால் சுவிட்ச் இல்லாத மிஷினைத் தொடாதீர்கள். காலை எடுத்தால் மோட்டார் நிற்க வேண்டும். இரண்டு கையும் கம்பியில் இருக்கும்போது, நிறுத்துவதற்கு நம்மிடம் மிச்சமிருப்பது கால் ஒன்றுதான். சில மிஷின்களில் கால் வைக்கும் இடத்தில் ரப்பர் பந்து போல ஒன்று இருக்கும். அதற்குள் இருப்பது காற்று, மின்சாரமல்ல. தண்ணீரில் நின்று வேலை செய்கிறவனுக்குக் காலடியில் கரண்ட் வரக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கம்பியைப் பிடிப்பவரும் சுவிட்சை மிதிப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். “நீ பிடி, நான் போடுகிறேன்” என்ற பேச்சே கூடாது. கம்பி இறுகுவது முதலில் கைக்குத்தான் தெரியும். அதே நேரத்தில் இன்னொருவர் பக்கத்தில் இருக்கவும் வேண்டும். பிளக்கைப் பிடுங்குவதற்கும், ஆபத்தென்றால் உதவுவதற்கும்.

மூன்றாவது, மிஷினைக் குழாயின் வாய்க்குப் பக்கத்தில், இரண்டடிக்குள் வையுங்கள். வெளியே கிடக்கும் கம்பி நீளமாக நீளமாக, துள்ளுவதற்கு அதற்கு இடம் அதிகம்.

நான்காவது, சுழலும் கம்பியைத் துணியாலோ, தொளதொளத்த நூல் உறையாலோ பிடிக்காதீர்கள். கைக்குப் பொருந்திய தோல் உறை வேண்டும். அழுக்கு நீர் உள்ளே போகாமலிருக்கத் தோல் உறைக்கு அடியில் மெல்லிய ரப்பர் உறையும் போட்டுக்கொள்ளலாம். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, கையில் கயிறு, மோதிரம் எதுவும் கூடாது. பெண் தோழர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது, கம்பி இறுகினால் உடனே காலை எடுங்கள். பலத்தைக் காட்டித் தள்ளாதீர்கள். பின்பக்கமாகச் சுழற்றும் பித்தான் சிக்கிய கம்பியை விடுவிப்பதற்கு மட்டும்தான். அடைப்பெடுக்க அதைப் போட்டால் கம்பி கெடும், கையும் கெடும்.

ஆறாவது, மின்சாரம். மூன்று முனைப் பிளக்கில் நடுவே இருக்கும் தடித்த முனை எர்த். ஓட்டையில் நுழையவில்லை என்று அதை வெட்டி எறிகிறார்களே, அது உயிரையே வெட்டி எறிவதாகும். கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும் ஒரு கருவி இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்பார்கள். ஆளைக் காப்பாற்றுவதற்கு 30 மில்லி ஆம்பியர் என்று குறித்ததாக அது இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் அதிலுள்ள சோதனைப் பித்தானை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் வேலை, விழாவிட்டால் வேலையில்லை. ஒட்டுப்போட்ட ஒயர், தண்ணீரில் கிடக்கும் ஜாயிண்ட், ஈரக்கையால் பிளக் செருகுவது ஆகிய மூன்றையும் விலக்குங்கள்.

ஏழாவது, மிஷினை இறக்குமுன் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் ஆசிட் ஊற்றினீர்களா?” நாம் போவதற்கு முன்னால் கடையில் வாங்கிய ஆசிட்டையும் காரப் பொடியையும் கொட்டிப் பார்த்திருப்பார்கள். சுழலும் கம்பி அதை நம் முகத்தில் வாரி அடிக்கும். கண்ணாடி இல்லாமல் குனியாதீர்கள்.

ஜெட்ராடிங் லாரி

இனி பெரிய யந்திரம். தெருச் சாக்கடைக்கு வரும் ஜெட்ராடிங் லாரி. லாரியின் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்குச் சற்று மேலே. ஜெட் ஓஸில் ஓடும் தண்ணீரின் அழுத்தமோ 2,000 பவுண்டு அளவுக்கும் அதற்கு மேலும் போகிறது. தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஓஸின் நுனியில் உள்ள மூக்கு பின்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சுகிறது. அந்த உந்துதலில்தான் ஓஸ் முன்னே ஓடுகிறது. மூக்கு குழாய்க்குள் போகுமுன் அழுத்தத்தைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? ஓஸ் தரையில் கிடந்து பாம்பாகத் துள்ளும். ஆகவே மூக்கு குழாய்க்குள் நன்றாக நுழைந்த பிறகே அழுத்தம். வெளியே இழுக்கும்போது மூக்கு வெளிவருமுன்பே அழுத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். மூக்கு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மூக்கிலிருந்து சில அடி தள்ளி ஓஸில் பளிச்சென்று பெயிண்ட் அடித்து வையுங்கள். பெயிண்ட் தெரிந்ததும் பம்பை நிறுத்துங்கள்.

பெரிய குழாயில் சிறிய மூக்கை விட்டால், உள்ளேயே திரும்பிக்கொண்டு நம்மை நோக்கி வந்துவிடும். அதைத் தடுக்க, மூக்குக்குப் பின்னால் குழாயின் அகலத்தைவிட நீளமான இரும்புக் குழாய்த் துண்டைப் பொருத்துகிறார்கள். நீளமான பொருள் குறுகிய இடத்தில் திரும்ப முடியாது. சின்னத் துண்டுதான்; அது இல்லாமல் லாரியை அனுப்புவது குற்றம்.

பம்புக்காரருக்கும் குழியருகில் நிற்பவருக்கும் கண்ணுக்குக் கண் தெரிய வேண்டும். லாரியின் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. நிறுத்து, குறை, விடு என்ற மூன்றுக்கும் கைச்சைகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெட் தண்ணீர் உடம்பில் பட்டு ஊசி குத்தியது போல ஒரு சிறு புள்ளி தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வெளியே புள்ளி, உள்ளே சாக்கடை நீர் சதைக்குள் பரவியிருக்கும். “அதிக அழுத்தத் தண்ணீர் குத்திவிட்டது” என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். விரலோ கையோ பிறகு எடுக்க வேண்டி வரும்.

மிஷின் சிக்கும் நேரம்

தோழர்களே, இதுவரை சொன்னது விரலையும் கையையும் பற்றி. இனி சொல்லப்போவது உயிரைப் பற்றி.

யந்திரம் வந்துவிட்டால் ஆள் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை என்கிறார்கள். நாமும் அதைத்தான் கேட்டுப் போராடினோம். அண்மை ஆண்டுகளில் அரசாங்கக் காகிதங்களில் ‘மேன்ஹோல்’ என்ற பெயரையே மாற்றி ‘மெஷின் ஹோல்’ என்று எழுதுகிறார்கள். பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் நடைமுறை என்ன? ஜெட் மூக்கு உள்ளே கல்லில் மாட்டிக்கொள்கிறது. தூர்வாரும் வாளியின் கயிறு சிக்கிக்கொள்கிறது. கம்பி உள்ளே முறிந்துவிடுகிறது. அப்போது மேஸ்திரி என்ன சொல்கிறார்? “கொஞ்சம் இறங்கி எடுத்துவிட்டு வந்துடுப்பா, ரெண்டு நிமிஷ வேலை!”

அந்த இரண்டு நிமிஷம்தான் தோழர்களே, ஆளை விழுங்குகிறது!

சாக்கடைச் சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு அடைந்து கிடக்கிறது. அழுகிய முட்டை நாற்றமடிப்பது அதுதான். சேற்றைக் கலக்கினால் அது ஒரேயடியாகக் கிளம்பும். ஜெட் தண்ணீரை விட்டு ஒரு மணி நேரம் கலக்கிய குழி, கலக்காத குழியைவிட அபாயமானது என்பதை மறவாதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். இன்னொரு வஞ்சகமும் அதில் உண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவுக்கு அது ஏறினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, வாயு போய்விட்டது என்று நினைப்போம். உண்மையில் வாயு பெருகியதால்தான் நாற்றம் தெரியவில்லை. இன்னும் சில மடங்கு ஏறினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான்.

தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். அதை விட்டுவிடுங்கள். குழியில் மீத்தேன் வாயுவும் இருக்கும். காற்றில் அது நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை இருந்தால் தீப்பட்டதும் வெடிக்கும். முகத்தில் கட்டும் துணியும் பயன்படாது. காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயு இருக்க வேண்டும், 19.5-க்குக் கீழே போனால் ஆபத்து. இல்லாத பிராணவாயுவைத் துணி எங்கிருந்து கொண்டுவரும்?

உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், பின்னால் குதிக்காதீர்கள். இதைச் சொல்வது எங்களுக்கே கடினமாக இருக்கிறது. கண்ணெதிரே கூடப்பிறந்தவன் போல் பழகியவன் விழும்போது எப்படிச் சும்மா நிற்பது? ஆனால் 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் என்ன நடந்தது? சாக்கடைக் குழியில் இரண்டு தொழிலாளர்கள் சிக்கினார்கள். தெருவில் போன ஓர் ஆட்டோ ஓட்டுநர், முன்பின் அறியாத அவர்களைக் காப்பாற்ற இறங்கினார். மூவரும் இறந்தார்கள். அந்த நல்ல மனிதரின் தியாகத்தை வணங்குகிறோம். அந்த நிலை இனி ஒருவருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே சொல்கிறோம். தீயணைப்புப் படையை 101-இலோ 112-இலோ அழையுங்கள். காற்றுச் சிலிண்டரும் கயிறும் அவர்களிடம் இருக்கின்றன.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கேரளத்தின் இளம் என்ஜினீயர்கள் குழிக்குள் இறங்கி அள்ளும் ‘பாண்டிகூட்’ என்ற யந்திர மனிதனைச் செய்தார்கள். 2018-இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. ஆக, மனிதன் இறங்காமல் வேலை முடியாது என்பது பொய். முடியும், செலவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். மூக்கு சிக்கினால் ஓஸை வெட்டு. இல்லையேல் தெருவைத் தோண்டு. இல்லையேல் வேறு லாரியைக் கொண்டுவா. ஓஸுக்கு விலை உண்டு. தார்ச் சாலைக்கு விலை உண்டு. நமது உயிர் மட்டும் இலவசமா?

தலைமுறை தலைமுறையாக இந்த வேலையை ஒரு சில ஜாதிகளின் தலையில் கட்டிவைத்தார்கள். அவர்கள் செத்தால் கேட்பாரில்லை என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. “இறங்கு” என்ற அந்தச் சொல்லுக்குள் அந்த நினைப்புதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் வந்த சட்டம் சாக்கடைக் குழியையும் செப்டிக் டாங்கையும் அதில் சேர்த்தது. பாதுகாப்புச் சாதனங்களும் முன்னெச்சரிக்கைகளும் இல்லாமல் ஆளை இறக்கி வேலை வாங்கினால், முதல் குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நேராக வேலை வாங்கினாலும், காண்டிராக்டர் மூலம் வாங்கினாலும் குற்றம் குற்றமே.

1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையக்கூடாது என்றும் சொன்னது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் இந்த வேலைக்கு ஆளை இறக்குவதை நிறுத்தும்படி உத்தரவிட்டது.

நஷ்டஈடு வேண்டும், அதை வாங்கித் தருவதில் சங்கம் ஓயாது. ஆனால் நஷ்டஈடு வாங்கும் குடும்பங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதற்காக நாம் சங்கம் வைக்கவில்லை.

நமது கோரிக்கைகள்

மிஷினோடு வரும் புத்தகத்தைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி வேண்டும். ஒவ்வொரு மிஷினுக்கும் குறைந்தது இரண்டு ஆட்கள் வேண்டும். கால் சுவிட்ச், எர்த், ஆர்.சி.சி.பி., ஓஸ் ஆகியவற்றை வேலைக்கு முன் சோதித்து, நோட்டில் தொழிலாளியும் மேஸ்திரியும் கையெழுத்திட வேண்டும். தோல் உறை, கண்ணாடி, பூட்ஸ், வாயு அளக்கும் கருவி கொடுக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட வேண்டும். எலிக்காய்ச்சலுக்குச் சோதனை வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இவை யாவும் அப்படியே உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மிஷின் சரியில்லை என்று தொழிலாளி சொன்னால் அது நிற்க வேண்டும். குழியில் இறங்க மாட்டேன் என்று சொன்னால் அவருடைய ஒரு நாள் கூலியும் வெட்டப்படக்கூடாது. நிறுத்தும் அதிகாரம் ஓட்டுகிறவன் கையில் இல்லாத யந்திரம், நமக்கு உதவி அல்ல. நம்மீது ஏறி உட்கார்ந்த இன்னொரு மேஸ்திரி!

நாளைக் காலை “இறங்கு” என்று சொல்வார்கள். ஒருவர் தனியாக மறுத்தால் வேலையை விட்டு நீக்குவார்கள். அதையும் நாம் அறிவோம். ஆகவே ஒருவர் மறுக்கும்போது அந்த டிவிஷன் முழுவதும் மிஷினை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். இந்தத் தீர்மானத்தை இந்தக் கூட்டம் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தீர்மானத்தை முன்மொழியப் போகிறவர் முன்வரிசையில் இருக்கும் நமது தோழர். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று அவர் கேட்பார். அவர் முதலில் தன் கையைத் தூக்குவார். அந்தக் கையைப் பார்த்துவிட்டு நீங்கள் உங்கள் கையைத் தூக்குங்கள்.